இரவு இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள்?

முதியோர் இல்லங்களின் விளம்பரக் கையேட்டைப் புரட்டினால் புல்தரை இருக்கும், நடைபாதை இருக்கும், ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கும். பெற்றோரைச் சேர்க்க வரும் பிள்ளைகளும் அதையேதான் சுற்றிப் பார்க்கிறார்கள். ரூமில் ஏசி உண்டா, பாத்ரூமில் கைப்பிடி உண்டா, சாப்பாடு சைவமா, மாதம் எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, அது திரும்பக் கிடைக்குமா. அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. தானாக எழுந்து நடமாடும் பெரியவருக்கு இந்தக் கேள்விகள் ஓரளவு போதும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அப்பாவுக்கோ, டிமென்ஷியா முற்றிய அம்மாவுக்கோ போதாது. அவர்கள் அந்தப் புல்தரையில் கால் வைக்கப்போவதில்லை. இனி அவர்களுக்கு உலகம் ஒரு கட்டிலும், அதன் பக்கத்தில் வந்து நிற்கும் ஓர் ஆளும்தான். அந்த ஆள் எத்தனை முறை வருகிறார், வேலை தெரிந்தவரா, பொறுமை உள்ளவரா, கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்பதை வைத்துத்தான் ஓர் இல்லத்தை எடைபோட வேண்டும். பகல் பதினோரு மணிக்கு எல்லா இல்லங்களிலும் ஆட்கள் நடமாடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய குடும்பங்கள் நம்மிடையே வேகமாகப் பெருகிவருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான மத்திய அரசின் மதிப்பீட்டில் அது 13.6 ஆனது, 2031-இல் 18.2 சதவீதத்தைத் தொடும் என்பது கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே நம்மை முந்தி நிற்கிறது. இருக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளில் ஒருவர் டல்லாஸில், ஒருவர் பெங்களூரில். வீட்டோடு வைத்துப் பார்க்க ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. இல்லத்தில் சேர்த்தால் ஊர் நாலு வார்த்தை பேசத்தான் செய்யும். பேசட்டும். எண்பது வயது மனைவி எண்பத்தைந்து வயதுக் கணவரைத் தூக்கிக் குளிப்பாட்டப் போய் இருவரும் விழுந்து கிடப்பதைவிட, வேலை தெரிந்த நாலு பேர் இருக்கும் இடம் மேல் என்றே நான் நினைக்கிறேன். அந்த நாலு பேர் அங்கே உண்மையிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு நல்ல வரலாறு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். அதே 1978-இல் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக சாவித்திரி வைத்தி தொடங்கியது பாலவாக்கத்தில் உள்ள விச்ராந்தி முதியோர் இல்லம். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பே வந்துவிட்டது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. இவற்றில் மருத்துவமனைகள் வந்த நோயைக் குணமாக்குவதற்கு. குணமாகாத முதுமையை நாள்தோறும், மணிதோறும் தாங்கிப் பிடிக்கும் வேலை இன்னும் பெரும்பாலும் தனியார் இல்லங்களின் கையில்தான் இருக்கிறது.

குதிகாலைப் பாருங்கள்

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நடக்கும் கவனிப்பை அளக்க அவருடைய தோலைவிட நேர்மையான சாட்சி கிடையாது. எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் சதை எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்குகிறது. ரத்த ஓட்டம் தடைபடுகிறது. சில மணி நேரத்திலேயே உள்ளே திசு சாகத் தொடங்கிவிடும். முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்னந்தலை ஆகியவை முதலில் அடிபடும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்சிங் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது இதனால்தான். ஏர் பெட் போட்டுவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும். திருப்பும் வேலையை அது செய்யாது.

படுக்கைப்புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. நான்காவது நிலையில் சதை அழுகி, எலும்பு வரைக்கும் தெரியும். நம் நிறத்துக்கு அந்த முதல் சிவப்பு எளிதில் கண்ணில் படாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது லேசான கருநீலமாக இருக்கலாம், அல்லது நிறமே மாறாதது போலத் தோன்றலாம். ஆகவே தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கெட்டிப்பட்டோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டதும் முகம் சுளிக்கிறாரா? பார்க்கப் போகும்போது சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள். சிஸ்டரிடம் சொல்லி, திருப்பிப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே பாருங்கள். அம்மாவின் உடம்பைப் பார்க்க மகனுக்குக் கூச்சமாக இருக்கும். அக்காவோ மனைவியோ கூட வரட்டும்.

அமெரிக்க நர்சிங் ஆய்வாளர்கள் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1980-களில் உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை உண்டு. வலியை உணரும் திறன், தோலில் ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். முழு மதிப்பெண் 23. பதினெட்டோ அதற்குக் கீழோ வந்தால் புண் வரும் ஆபத்து உண்டு என்று பொருள். "அம்மாவோட பிரேடன் ஸ்கோர் எவ்வளவு சிஸ்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் அங்கே இருக்கிறாரா, பெயருக்கு இருக்கிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புண் வந்தாலே இல்லத்தின் அலட்சியம் என்று சொல்லிவிடவும் கூடாது. உயிர் பிரியும் கட்டத்தில் எவ்வளவு கவனித்தாலும் தோல் விட்டுக்கொடுத்துவிடுவதுண்டு. ஐசியூவில் வந்த புண்ணோடு இல்லத்துக்கு வருபவர்களும் உண்டு. எப்போது வந்தது, எத்தனை சென்டிமீட்டர், போன வாரம் எவ்வளவு இருந்தது, யார் முதலில் பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல இல்லம் புண் சின்னதாக இருக்கும்போதே தானாக உங்களுக்குப் போன் செய்யும்.

தாம்பரத்தை அடுத்த ஓர் இல்லத்தில், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு பெண், தாத்தா ஒருவரைத் திருப்பியதை அருகில் நின்று பார்த்தேன். கையை வைப்பதற்கு முன்னால் குனிந்து காதருகே சொன்னார்: "தாத்தா, ஜன்னல் பக்கமாத் திரும்பப் போறோம். மூணு எண்ணுறேன், சரியா?" முழங்காலை மடக்கினார். ஒரு கை தோள்பட்டைக்குப் பின்னால், ஒரு கை இடுப்பில். இழுக்கவில்லை, உருட்டினார். இழுத்தால் தோல் உரசிப் பிய்ந்துவிடும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துண்டு, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்பதற்காக. பெட்ஷீட்டின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில் நேரமும் "இடது" என்ற சொல்லும் எழுதினார். எல்லாம் சேர்ந்து நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த நாலு நிமிடத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தளத்தில் தானாகப் புரள முடியாதவர்கள் எட்டுப் பேர். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை ஆளுக்கு ஆறு முறை, மொத்தம் 48 முறை திருப்ப வேண்டும். பாதி முறை டயப்பரும் மாற்ற வேண்டியிருந்தால் அதற்குப் பத்து நிமிடமாவது பிடிக்கும். கூட்டினால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. கனத்த உடம்பென்றால் இருவர் பிடிக்க வேண்டும். நடுவில் மூன்றாவது ரூம் பாட்டி பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறுவார். இன்னொருவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்க்கும். மறதிக்காரர் ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் ஒரே ஓர் அட்டெண்டர் என்றால் நடக்காத காரியம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நடக்காது. அந்தத் தாள் மட்டும் விடிந்ததும் நிரம்பியிருக்கும். ஆறு கட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு திருத்தம்கூட இல்லாமல் இருந்தால் அது எப்போது எழுதப்பட்டது என்று யோசியுங்கள்.

தண்ணீரும் தூக்கமும்

கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளர் இருக்கும். படுத்திருப்பவரின் கை அதற்கு எட்டுமா என்று பாருங்கள். வயதாக ஆகத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். கேட்காதவருக்குக் கேட்டுக் கேட்டுக் கொடுத்தால்தான் உண்டு. இரவில் டயப்பர் மாற்றும் வேலை குறையட்டும் என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதன் பலன் சில நாட்களில் தெரியும். யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல், திடீரென்று ஆள் தெரியாமல் உளறுவது. "மறதி முத்திப்போச்சு" என்று வீட்டார் கண் கலங்குவார்கள். பல நேரங்களில் அது தண்ணீர் போதாததால் வந்த குழப்பம். சரிசெய்தால் ஆள் மீண்டுவிடுவார். நாக்கும் உதடும் காய்ந்திருக்கிறதா, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறதா என்பதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எடையைப் பதிவு செய்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அதை அபாய மணியாக எடுத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள நடைமுறை. ஐம்பது கிலோ அம்மா ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால் புடவை மறைத்துவிடும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்திலேயே போய் நில்லுங்கள். தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்களா? ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் வருகிறதா, தட்டைக் காலி செய்யும் அவசரத்தில் வருகிறதா? படுத்தபடி ஊட்டும் பருப்பு சாதம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் முடியும். ஊட்டுவதற்கு ஆளில்லை என்பதற்காக மட்டும் மூக்கில் டியூப் போட்டிருக்கிறார்களா என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தளம் முழுக்க எல்லாரும் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தால் அதை அமைதி என்று எண்ணி நிம்மதி அடைய வேண்டாம். சத்தம் போடும், அலையும் டிமென்ஷியா நோயாளிகளுக்கு மனநோய்க்கான மாத்திரைகளைக் கொடுத்து அடக்குவது உலகம் முழுக்க இருக்கும் பிரச்னை. குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. சிலருக்கு அது தேவைப்படலாம், மறுக்கவில்லை. எந்த மாத்திரை, எந்த டாக்டர் எழுதினார், எதற்காக, எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நட்சத்திரங்கள் சொல்லாதது

இந்தக் கவனிப்பை அரசே அளந்து சொன்னால் என்ன என்று தோன்றும். அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. அங்கே 1987-இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்தின்படி, முன்னறிவிப்பு இல்லாமல் அதிகபட்சம் 15 மாதத்துக்குள் ஒருமுறை ஆய்வாளர்கள் உள்ளே நுழைந்து பார்த்தாக வேண்டும். 2008 முதல் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். ஆய்வு முடிவு, பணியாளர் எண்ணிக்கை, நோயாளிகளின் நிலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் அது. இவற்றில் ஆய்வு முடிவு தவிர மற்ற இரண்டும் பல ஆண்டுகள் இல்லங்களே எழுதிக் கொடுத்த கணக்குகள். ஐந்து நட்சத்திரம் வாங்கிய இடங்களிலும் அவலங்கள் நடந்ததை நியூயார்க் டைம்ஸ் 2014-இல் வெளிக்கொண்டுவந்தது. பிறகு அரசு பணியாளர்களின் சம்பளப் பதிவேட்டையே கேட்டு வாங்கத் தொடங்கி, 2018-இல் அதை நட்சத்திரக் கணக்கில் சேர்த்தது. அந்தப் பதிவேட்டில் தெரிந்தது: சனி, ஞாயிறுகளில் பல இல்லங்களில் ஆட்கள் கணிசமாகக் குறைந்துபோகிறார்கள். 2022-இல் வார இறுதிப் பணியாளர் எண்ணிக்கையும், வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதமும் தனியாகக் கணக்கில் வந்தன.

இங்கிலாந்தில் ஒழுங்காற்று அமைப்பு தரும் மதிப்பீட்டை இல்லத்திலேயே எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும். நம் நாட்டில் 2007-இல் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அமைக்கலாம் என்கிறது. ஆதரவற்ற 150 பேராவது தங்கும்படி. இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் நாடு முழுமைக்கும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. 2024-இல் அந்த மக்களவையின் காலம் முடிந்ததோடு மசோதாவும் காலாவதியானது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் கையில் இருந்தும் இதை நிறைவேற்றாமல் விட்டது பெரிய தவறு. 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்திலும், 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரிலும் இல்லங்கள் மீது கடும் புகார்கள் வெடித்த பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போய் அங்கிருந்தவர்களை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். இரண்டுமே கேட்பாரற்றவர்கள் தங்கியிருந்த இடங்கள்.

நட்சத்திரம் போட நமக்கு யாரும் இல்லாதபோது, அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இல்லத்தின் வாய்மொழியை விட்டுவிட்டு டியூட்டி ரோஸ்டரைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவுக்கான பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இருக்கும் பெயர்களில் நர்ஸ் எத்தனை, அட்டெண்டர் எத்தனை? ஒரே பெயர் பகலிலும் இரவிலும் வருகிறதா? சுற்றிக் காட்டும் மேனேஜர் ஒரு போன் பேசப் போகும் நேரத்தில், தரை துடைக்கும் அக்காவிடமும் அட்டெண்டர்களிடமும் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எல்லாரும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்றால் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை. சம்பளம் ஒழுங்காக வருவதில்லை, அல்லது வேலை முதுகை ஒடிக்கிறது, அல்லது மரியாதை இல்லை. பாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், தாத்தா எதைக் கொடுத்தால் துப்புவார் என்பதெல்லாம் மாதக்கணக்கில் கூடவே இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு ஆள் மாறும்போது ஆளோடு போய்விடுகிறது.

இன்று சென்னை, கோவை இல்லங்களில் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். வீட்டை விட்டு வெகுதூரம் தள்ளி வந்து, முன்பின் தெரியாத பெரியவர்களைக் கழுவித் துடைக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் டிமென்ஷியா முற்றும்போது பின்னால் கற்ற மொழிகள் முதலில் கழன்றுபோகும், தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது வருடம் பாங்கில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசியவர்கூட "ஒண்ணுக்கு வருது" என்பதைத் தமிழில்தான் சொல்வார். அதைப் புரிந்துகொள்ளும் ஒருவராவது ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கிறாரா என்று கேட்பது அந்தப் பிள்ளைகளுக்கும் உதவி.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ காலில்தான் எல்லாம். தலை வாரி, விபூதி வைத்து, நாற்காலியில் உட்காரவைத்த அம்மாவைச் சாயங்காலம் பத்து நிமிடம் பார்க்கிறார்கள். நேரத்தை மாற்றிக் கூப்பிடுங்கள். போனைத் திருப்பி, கட்டிலையும் டம்ளரையும் பாதத்தையும் மருந்துச் சீட்டையும் காட்டச் சொல்லுங்கள். முகம் கோணாமல் காட்டினால் நல்ல அறிகுறி. உள்ளூரில் ஒரு சித்தி மகனோ, பழைய அண்டை வீட்டுக்காரரோ மாதத்தில் இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் போய் எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். யாராவது வருவார்கள் என்று தெரிந்த கட்டிலுக்குக் கூடுதல் கவனிப்பு கிடைப்பது மனித இயல்பு. முன்கூட்டிச் சொல்லாமல் வரவே கூடாது என்று எப்போதும் தடுக்கும் இல்லத்தில் என் வீட்டுப் பெரியவர்களைச் சேர்க்க மாட்டேன்.

குறை தெரிந்தால் முதலில் பொறுப்பு நர்ஸிடம் நிதானமாகச் சொல்லுங்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். கத்தினால் அந்தக் கோபம் நீங்கள் கிளம்பிய பிறகு படுத்திருப்பவர் மேல் திரும்புமோ என்ற பயம் எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. அதற்காகவே வாயை மூடிக்கொள்பவர்கள் அதிகம். மூடிக்கொள்ள வேண்டாம். 14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. மாவட்ட சமூகநல அலுவலரிடமும், ஆட்சியரின் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம்.

சேர்க்கும் அன்று போடும் ஒப்பந்தத்தில் டெபாசிட்டைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். நடு இரவில் மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், யார் கூடப் போவார்கள், உங்களுக்கு எப்போது சொல்வார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. எழுதி வாங்குங்கள். வென்டிலேட்டர் வேண்டாம், ஐசியூ வேண்டாம் என்று பெரியவருக்கு ஒரு தீர்மானம் இருந்தால் அதற்கும் இப்போது வழி உண்டு. முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் அங்கீகரித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது; இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும். அதன் நகல் இல்லத்தின் ஃபைலில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நினைவு தெளிவாக இருக்கும் அப்பாவிடமோ அம்மாவிடமோ அதை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளையும், மேனேஜர் சொல்கிற பதில்களையும் அதே தாளில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.